மியான்மர் ராணுவத்தை உலகம் நெருக்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியான்மர் என்று பேச்சு எடுத்தாலே திரும்பத் திரும்ப வந்து விழும் கேள்விகள் சில உண்டு. அவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குப் பழைய கதையைக் கிளறாமல் முடியாது. பர்மா, மியான்மர் இரண்டையும் கலந்தே எழுதுவேன். 1989-இல் ராணுவம் பெயரை மாற்றிவிட்டது. சென்னையில் பர்மா பஜார் இன்னும் பர்மா பஜார்தான்.

முதலில், அங்கே என்னதான் நடந்தது?

1962 மார்ச் 2-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து ராணுவம் அந்த நாட்டை முழுதாகக் கைவிட்டதே இல்லை. 1988-இல் மாணவர்கள் கிளர்ந்தார்கள், சுட்டு அடக்கினார்கள். 1990-இல் தேர்தல் வைத்தார்கள். ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் 485 இடங்களில் 392-ஐ வென்றது. முடிவைக் குப்பையில் போட்டார்கள். 2007-இல் பிக்குகள் தெருவில் இறங்கினார்கள். 2011-இல் பெயரளவுக்கேனும் ஒரு சிவில் அரசிடம் ராணுவம் ஆட்சியைக் கொடுத்த பிறகு கொஞ்சம் காற்று வந்தது. 2017-இல் ராக்கைன் மாநிலத்தில் ராணுவம் நடத்திய வெறியாட்டத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2020 தேர்தலில் சூகியின் கட்சி மறுபடியும் 476-இல் 396 இடங்களை வென்றது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாளான 2021 பிப்ரவரி 1 அன்று விடியற்காலையில் ராணுவத் தளபதி மின் ஆங் லைங் அனைவரையும் பிடித்து உள்ளே வைத்தார்.

அதன் பிறகு நடந்தது உள்நாட்டுப் போர். போராட்டக்காரர்களும் பொதுமக்களுமாக ராணுவத்தால் கொல்லப்பட்டவர்கள் 6,000-க்கும் மேல் என்று அரசியல் கைதிகள் உதவிச் சங்கம் பெயர் பெயராகக் குறித்து வைத்திருக்கிறது. 2022 ஜூலையில் நான்கு ஜனநாயகப் போராளிகளைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன் அந்த நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூக்கு நிறைவேற்றப்பட்டதே இல்லை.

'சர்வதேச அழுத்தம்' என்கிறார்களே, அது என்ன? கண்டன அறிக்கையா?

பெரும்பாலும் அதுதான். 'ஆழ்ந்த கவலை' என்ற சொல்லைக் கேட்டு அந்தத் தளபதிகளுக்குக் காது மரத்துப்போயிருக்கும்.

அறிக்கையைத் தாண்டிப் போனால் நாலைந்து வழி இருக்கிறது: ஆயுதத் தடை, வங்கிக் கணக்கை முடக்குதல், ஏற்றுமதியை வாங்க மறுத்தல், நீதிமன்ற வழக்கு, மாநாடுகளில் நாற்காலி தராமல் இருத்தல். எது வலிக்கும் என்பது யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நார்வே கோபித்துக்கொண்டால் தலைநகர் நேபிடாவில் யாருக்கும் தூக்கம் கெடாது. சிங்கப்பூரில் ஒரு வங்கி கணக்கை மூடினால் கெடும்.

ஐ.நா. ஏன் படை அனுப்பவில்லை?

2021-இல் யாங்கூன் (பழைய ரங்கூன்) தெருக்களில் இளைஞர்கள் இதைத்தான் கேட்டார்கள். 'இன்னும் எத்தனை பிணம் விழ வேண்டும்?' என்று பதாகை பிடித்து நின்றார்கள். பதில் சுருக்கமானது: படை அனுப்பப் பாதுகாப்பு அவை ஒப்ப வேண்டும், அங்கே சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் வீட்டோ, அதாவது ஒற்றை வாக்கில் தடுக்கும் உரிமை, இருக்கிறது.

2007 ஜனவரியிலேயே இந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. அடக்குமுறையை நிறுத்து, அரசியல் கைதிகளை விடு என்று கேட்ட சாதாரணத் தீர்மானம் அது. சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ போட்டன. கூடவே எதிர்த்து வாக்களித்த மூன்றாவது நாடு எது தெரியுமா? தென்னாப்பிரிக்கா. உலகமே கைகொடுத்து நிறவெறியிலிருந்து மீண்ட நாடு, 'இது பாதுகாப்பு அவைக்கு வர வேண்டிய விஷயம் இல்லை' என்று நடைமுறைக் காரணம் சொன்னது.

2022 டிசம்பர் 21-இல் ஒருவழியாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. 12 நாடுகள் ஆதரவு. சீனா, ரஷ்யா, இந்தியா மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. வன்முறையை நிறுத்தச் சொன்னது, சூகியை விடுவிக்கச் சொன்னது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. ஆயுதத் தடை கட்டாயம் என்ற வரி அதில் இல்லை. நாடுகள் தாமாகவே ஆயுதம் தராமல் இருக்கட்டும் என்று பொதுச்சபை 2021 ஜூனில் கேட்டிருந்தது: 119 ஆதரவு, 36 நாடுகள் ஒதுங்கின, எதிர்த்தது பெலாரஸ் மட்டும். பொதுச்சபை கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

பொருளாதாரத் தடை போட்டால் சாவது ஏழைதானே?

நியாயமான கேள்வி. சில தடைகளில் அப்படித்தான் ஆனது.

2003 மே 30-இல் டெப்பாயின் என்ற இடத்தில் சூகி சென்ற வாகன வரிசையை ஒரு கும்பல் தாக்கியது, பலர் செத்தார்கள். கொதித்துப்போன அமெரிக்கா அந்த ஆண்டே பர்மாவிலிருந்து எந்தப் பொருளும் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்காவுக்குப் போன சரக்கில் பெரும்பகுதி ஆயத்த ஆடை. அதைத் தைத்தவர்கள் கிராமத்திலிருந்து யாங்கூனுக்கு வந்த இளம் பெண்கள். தொழிற்சாலைகள் மூடின, பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. தளபதிகளின் பணமோ சட்டையில் இல்லை. எரிவாயுவிலும் மாணிக்கத்திலும் மரகதப் பச்சை ஜேடு கல்லிலும் தேக்கிலும் இருந்தது. அந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டை ஒன்று, பர்மா மாணிக்கத்தைத் தாய்லாந்தில் பட்டை தீட்டினால் தாய்லாந்துச் சரக்காகக் கணக்காகி அமெரிக்காவுக்குள் போய்விடும் என்பது. அதை அடைக்க 2008 வரை ஆனது. தையல்காரப் பெண்ணுக்கு ஒரே மாதத்தில் விழுந்த அடி, ரத்தினக் கல்லுக்கு விழ ஐந்து ஆண்டு!

அதனால் 'தடை நல்லதா கெட்டதா' என்ற விவாதமே எனக்குப் பிடிப்பதில்லை. எந்தக் குழாயை அடைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சரி, 2021-க்குப் பிறகு எந்தக் குழாயை அடைத்தார்கள்?

இந்த முறை கொஞ்சம் படித்துவிட்டு வந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாளே, நியூயார்க்கில் அமெரிக்க மைய வங்கியில் மியான்மர் அரசின் பெயரில் இருந்த சுமார் 100 கோடி டாலரை எடுக்க ராணுவம் முயன்றது. வங்கி அதிகாரிகள் தாமதப்படுத்தினார்கள். அடுத்த வாரம் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட ஆணை அதைப் பூட்டியது. 2021 மார்ச்சில் ராணுவத்தின் இரண்டு பெரிய வணிகக் குழுமங்கள் மீது தடை வந்தது. பீர், சிகரெட், வங்கி, சுரங்கம், துறைமுகம் என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கும் குழுமங்கள் அவை. ஏப்ரலில் அரசு மரக் கழகம்.

பெரிய குழாய் எரிவாயு. மியான்மர் எண்ணெய் எரிவாயு நிறுவனம்தான் அரசுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவரும் ஆகப் பெரிய வழி. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது 2022 பிப்ரவரியில் தடை போட்டது. அமெரிக்காவோ 2023 அக்டோபர் வரை இழுத்தது. அப்போதும் முழுத் தடை இல்லை, அமெரிக்க வங்கிச் சேவை அந்த நிறுவனத்துக்குக் கிடையாது என்றது. ஏன் அவ்வளவு தயக்கம்? அந்த வாயுவில் பெரும்பகுதி குழாய் வழியாகத் தாய்லாந்துக்குப் போகிறது. பாங்காக்கில் மின்சாரம் நின்றால் அமெரிக்காவின் பழைய நண்பனுக்குச் சங்கடம்.

பிறகு விமான எரிபொருள். 2023 ஏப்ரல் 11-இல் சகாயிங் பகுதியில் பாசிகி கிராமத்தில் கூடியிருந்த மக்கள்மீது விமானம் குண்டு போட்டது. குழந்தைகள் உட்பட 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அந்த ஆண்டு ஆகஸ்டில், மியான்மருக்கு விமான எரிபொருள் விற்போர் யாராக இருந்தாலும் தடைக்கு ஆளாகலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. குண்டு விழுவது நிற்கவில்லை. எரிபொருள் வேறு பெயரில், வேறு கப்பலில், இடையில் ஒரு துறைமுகம் தொட்டு வந்து சேர்கிறது.

வெளிநாட்டுக் கம்பெனிகள் வெளியேறினவே, அதில் ராணுவத்துக்கு நஷ்டமா லாபமா?

சில நேரம் லாபம். இதைச் சொன்னால் நண்பர்கள் கோபிக்கிறார்கள், ஆனால் நடந்ததைப் பாருங்கள்.

ஜப்பானின் கிரின் நிறுவனம் ராணுவக் குழுமத்தோடு கூட்டாக 'மியான்மர் பீர்' காய்ச்சி விற்றுவந்தது. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த ஐந்தாம் நாளே கூட்டை முறிப்பதாக அறிவித்தது. பாராட்டலாம். ஆனால் இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பின் தன் பங்கை அந்த பீர் நிறுவனத்துக்கே விற்றுவிட்டு வந்தது. இப்போது ஆலை ராணுவக் குழுமத்தின் கையில். நார்வேயின் டெலினார் தன் கைப்பேசிச் சேவையை லெபனான் குழுமம் ஒன்றுக்கு விற்றுப் போனது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களும் கூடவே கைமாறின. பிரான்சின் டோட்டல் 2022-இல் யடானா எரிவாயு வயலை விட்டபோது அதை நடத்தும் பொறுப்பு தாய்லாந்து அரசு நிறுவனத்துக்குப் போனது. வாயு நிற்கவில்லை, பணமும் நிற்கவில்லை. அதானி துறைமுக நிறுவனம் யாங்கூனில் ராணுவக் குழுமத்தின் நிலத்தில் கட்டிவந்த சரக்கு முனையத்தை 2023 மே மாதம் 3 கோடி டாலருக்கு விற்றது. போட்ட முதலில் அது சிறு பகுதி.

உண்மையில் 'மியான்மர் பீர்' விற்பனையைச் சாய்த்தது யாங்கூன் மக்கள். கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாக எடுத்துத் தெருவில் ஊற்றினார்கள். 2007-இல் பிக்குகள் செய்ததும் அந்த வகைதான்: பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, ராணுவக் குடும்பங்களின் தானத்தை ஏற்க மறுத்தார்கள். புண்ணியம் சேர்க்க வழியில்லாமல் போவது அங்கே சாதாரண அவமானம் அல்ல.

எதுவுமே பலித்ததில்லையா?

பலித்தது. அந்தக் கதை யாருக்கும் தெரியாததால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1990-களில் பர்மா ராணுவம் ஊர் ஊராக மக்களைப் பிடித்துக் கூலியில்லாமல் வேலை வாங்கியது. சாலை போட, ரயில் பாதை போட, முகாம் கட்ட, மூட்டை சுமக்க. போர்முனையில் சுமை தூக்குபவர்களைக் கண்ணிவெடி இருக்கும் பாதையில் முன்னால் நடக்கவிட்டார்கள். ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.எல்.ஓ., விசாரணைக் குழு அமைத்து 1998-இல் அறிக்கை தந்தது. பர்மா கண்டுகொள்ளவில்லை. 2000 ஜூனில் அந்த அமைப்பு தன் சாசனத்தின் 33-ஆம் விதியை எடுத்தது. 1919-இல் தொடங்கிய அமைப்பு, அதுவரை ஒருமுறைகூட எடுக்காத விதி. உறுப்பு நாடுகளும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் பர்மாவோடு வைத்திருக்கும் உறவு கட்டாய உழைப்புக்குத் துணைபோகிறதா என்று பார்த்துத் தக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

ராணுவம் கொதித்தது, மிரட்டியது, பிறகு பேச வந்தது. 2002-இல் யாங்கூனில் ஐ.எல்.ஓ. அதிகாரி ஒருவரை உட்கார அனுமதித்தது. 2007-இல் இன்னொரு படி: கட்டாய வேலை வாங்கப்பட்டவர் அந்த அலுவலகத்துக்குப் புகார் தரலாம், தந்ததற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். தண்டனை அடியோடு நிற்கவில்லை. ஆனாலும் சிறுவர்களைப் படையில் சேர்த்த வழக்குகளில் பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள், சில அதிகாரிகள்மீது நடவடிக்கையும் வந்தது.

இது ஏன் நடந்தது? கேட்டது ஒன்றே ஒன்று. ஆட்சியை விடு என்று கேட்கவில்லை. கூலியில்லா வேலையை நிறுத்து என்றார்கள். நிறுத்தினாயா என்று பார்க்க உள்ளூரில் ஓர் ஆள் இருந்தார். முன்னேற்றம் இருந்தால் இறுக்கம் தளரும் என்ற உறுதியும் இருந்தது. 2013-இல் கட்டுப்பாடுகளை நீக்கவும் செய்தார்கள். 2021-க்குப் பிறகு எல்லாம் பழைய குருடிதான். 2025 ஜூனில் ஐ.எல்.ஓ. அதே 33-ஆம் விதியை மியான்மர்மீது இரண்டாம் முறை எடுத்தது. நூறாண்டு வரலாற்றில் அந்த விதி மொத்தம் மூன்று முறைதான் பயன்பட்டிருக்கிறது, அதில் இரண்டு இவர்களுக்கு.

இன்னொன்று 2008 மே, நர்கீஸ் புயல். சுமார் 1,38,000 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். ராணுவம் வெளிநாட்டு உதவியை வாசலில் நிறுத்தியது. அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் உதவிப் பொருளோடு கடலில் காத்திருந்தன. பலவந்தமாக இறங்குவோம் என்ற தொனியில் பிரெஞ்சு அமைச்சர் பேசினார், தளபதிகள் இன்னும் இறுகினார்கள். கடைசியில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் 'ஆசியான்' அமைப்பு தன் பெயரில் உதவியை நடத்தும் என்று ஏற்பாடானதும் கதவு திறந்தது. அதே அரிசி, அதே மருந்து. கொண்டுவந்தவரின் முகம்தான் வேறு.

அப்படியானால் 2011 மாற்றம் தடைகளின் வெற்றியா?

பாதி. தடைகளால் மேற்கே கதவு அடைபட்டதால் ராணுவம் முழுக்கச் சீனாவின் மடியில் விழுந்தது. அந்த மடி அவர்களுக்கே பிடிக்கவில்லை. 2011 செப்டம்பரில் அதிபர் தெய்ன் செய்ன், சீனா கட்டிவந்த மைட்சோன் அணையை நிறுத்தியதே அடையாளம்.

ஆனால் இறங்கி வருமுன் அவர்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதிவைத்துக்கொண்டார்கள். நர்கீஸ் புயல் அடித்து எட்டே நாளில், பிணங்கள் மிதந்துகொண்டிருக்கும்போதே, வாக்கெடுப்பு நடத்தி நிறைவேற்றிய 2008 அரசியல் சட்டம்: நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் ராணுவத்துக்கு, சட்டத்தைத் திருத்த முக்கால்வாசிக்கு மேல் வாக்கு வேண்டும். கணக்கைப் பாருங்கள். ராணுவம் ஒப்பாமல் ஒரு வரியையும் மாற்ற முடியாது. இதைத் திருத்தச் சொல்லாமலேயே ஐரோப்பா 2013-இலும் அமெரிக்கா 2016-இலும் தடைகளை நீக்கிவிட்டன. ஐரோப்பா ஆயுதத் தடையை மட்டும் வைத்துக்கொண்டது. அவசரம் என்றுதான் நான் சொல்வேன்.

ரோஹிங்கியா விஷயத்தில் சூகியே ராணுவத்துக்காக வாதாடினாரே?

ஆம். அப்போது அரசை நடத்திவந்த அவர் 2019 டிசம்பரில் தி ஹேக் நகருக்குப் போய் சர்வதேச நீதிமன்றத்தில் நின்று, இனப்படுகொலை என்ற குற்றச்சாட்டை மறுத்தார். அதே ராணுவம் பதினான்கு மாதம் கழித்து அவரைச் சிறையில் போட்டது. மொத்தத் தண்டனை 33 ஆண்டு, பிறகு 27 ஆகக் குறைத்தார்கள். இதில் மகிழ்ச்சியடைய ஒன்றும் இல்லை.

வழக்குப் போட்டது காம்பியாவாமே? அவர்களுக்கு இதில் என்ன?

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு குட்டி நாடு. அதன் நீதி அமைச்சராக இருந்த அபுபக்கர் தம்படு, ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் வேலை பார்த்தவர். 2018-இல் வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் முகாமுக்குப் போய் அகதிகளிடம் பேசினார். கேட்டதெல்லாம் ருவாண்டாவில் கேட்டது போலவே இருந்தது என்று சொன்னார். 2019 நவம்பர் 11-இல் வழக்கு. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எந்த நாடும் இன்னொரு நாட்டின்மீது வழக்குப் போடலாம், தனக்கு நேரடிப் பாதிப்பு இருக்க வேண்டியதில்லை. 2022 ஜூலையில் நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 2020 ஜனவரி 23-இல், ரோஹிங்கியாக்களைப் பாதுகாக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாக உத்தரவிட்டார்கள்.

மின் ஆங் லைங்கைக் கைது செய்ய முடியுமா?

மேலே சொன்ன நீதிமன்றம் நாடுகளைத்தான் விசாரிக்கும். ஆட்களை விசாரிப்பது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். மியான்மர் அதில் உறுப்பினர் இல்லை, வங்கதேசம் உறுப்பினர். மக்களை எல்லை தாண்டித் துரத்தும் குற்றம் பாதி மியான்மரில், பாதி வங்கதேச மண்ணில் முடிகிறது அல்லவா? அந்தப் பாதியைப் பிடித்து நீதிபதிகள் விசாரணையை அனுமதித்தார்கள். 2024 நவம்பர் 27-இல் மின் ஆங் லைங்குக்கு வாரண்ட் கேட்டு அந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் மனுப் போட்டார். 2025 பிப்ரவரியில் அர்ஜென்டினா நீதிமன்றம் ஒன்று, எங்கே நடந்தாலும் இனப்படுகொலை எல்லோருக்கும் எதிரான குற்றம் என்ற அடிப்படையில் வாரண்டே பிறப்பித்துவிட்டது. அதில் சூகி பெயரும் உண்டு. ஆனால் எந்த நீதிமன்றத்துக்கும் சொந்தப் போலீஸ் கிடையாது. அவர் போகும் ஊர்கள் மாஸ்கோ, பெய்ஜிங், மின்ஸ்க்.

'ஆசியான்' என்ன செய்கிறது?

2021 ஏப்ரலில் ஜகார்த்தாவுக்கு மின் ஆங் லைங்கைக் கூப்பிட்டு ஐந்து அம்ச உடன்பாடு எழுதினார்கள். அவர் திரும்பி வந்து, நாட்டில் அமைதி திரும்பியதும் பரிசீலிப்போம் என்றார். அக்டோபர் மாநாட்டுக்கு அவரை அழைக்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சண்டையில் தலையிடாதே என்பதை வேதமாக வைத்திருக்கும் அமைப்புக்கு இதுவே பெரிய துணிச்சல்.

சீனா நினைத்தால் நிறுத்த முடியுமா?

நினைத்தபோது நிறுத்தியிருக்கிறது, தனக்கு வேண்டியதை. எல்லையோரக் கோகாங் பகுதியில் இணைய மோசடிக் கூடாரங்கள் முளைத்து, சீனர்களையே ஏமாற்றின, சீன இளைஞர்களையே அடைத்துவைத்து வேலை வாங்கின. ராணுவத்தின் உள்ளூர்க் கூட்டாளிகள்தான் அவற்றை நடத்தினார்கள். பெய்ஜிங் கேட்டுக் கேட்டுப் பார்த்தது. 2023 அக்டோபர் 27-இல் ராணுவத்தை எதிர்க்கும் மூன்று இனக்குழுப் படைகள் சேர்ந்து தாக்கியபோது சீனா கண்ணை மூடிக்கொண்டது. கோகாங் விழுந்தது, பல்லாயிரம் பேர் சீனப் போலீசிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 2024 ஆகஸ்டில் லாஷியோ நகரமும் விழுந்தபோது, போதும் என்று சீனா எல்லையை மூடி, மின்சாரத்தையும் சரக்கையும் நிறுத்தி, கிளர்ச்சிப் படையை மிரட்டியது. 2025 ஏப்ரலில் பிடித்த நகரத்தை அவர்கள் ராணுவத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். அழுத்தம் என்றால் இப்படித்தான் இருக்கும். மனித உரிமைக்காக அதை யாரும் இப்படிச் செய்ததில்லை.

தாய்லாந்து எல்லையில் மியாவடி கூடாரங்களில் நம் பிள்ளைகளும் சிக்கினார்கள். 2022-இல் தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்து சொன்ன கதைகள் நினைவிருக்கும்.

இந்தியா ஏன் வாயைத் திறப்பதில்லை?

ஒருகாலத்தில் திறந்தது. 1988-இல் மாணவர்களுக்கு அடைக்கலம் தந்தது, 1993-க்கான நேரு விருதைச் சூகிக்குக் கொடுத்தது. பிறகு கணக்குப் போட்டது: 1,643 கிலோமீட்டர் எல்லை, அந்தப் பக்கம் பதுங்கும் வடகிழக்குக் கிளர்ச்சியாளர்கள், கொல்கத்தாவிலிருந்து சிட்வே துறைமுகம் வழியாக மிசோரம் போகும் கலாடன் திட்டம், எல்லாவற்றுக்கும் மேல் சீனா. அதன்பின் மௌனம். 2021-இல் அகதிகளைத் தடு என்று டெல்லி சொன்னது. அவர்கள் எங்கள் உறவுக்காரர்கள் என்று மிசோரம் கதவைத் திறந்துவைத்தது.

ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் ஒரு கணக்கு வெளியிட்டார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மர் ராணுவம் வாங்கிய ஆயுதமும் உதிரியும் குறைந்தது 100 கோடி டாலர். ரஷ்யா 40.6 கோடி, சீனா 26.7 கோடி, சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்கள் 25.4 கோடி, இந்தியா 5.1 கோடி, தாய்லாந்து 2.8 கோடி. இந்தியக் கணக்கில் அரசுத் துறை நிறுவனமும் உண்டு. பெயர் வெளியானதும் சிங்கப்பூர் விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டு அவர் மறுபடி, இந்த முறை வங்கி வழியாக ஆண்டுதோறும் வாங்கியதை, எண்ணிப் பார்த்தபோது சிங்கப்பூர் வழி வந்தது 11 கோடியிலிருந்து ஏறத்தாழ 1 கோடிக்கு விழுந்திருந்தது. தாய்லாந்து வழி வந்தது 6 கோடியிலிருந்து 13 கோடியாக ஏறியிருந்தது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் கசிகிறது என்றாலும், மொத்தத்தில் வங்கி வழியாக வாங்கிய அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பர்மா தமிழர் கதை பழசாயிற்றே.

பழசுதான். நே வின் 1963, 64-இல் கடை, ஆலை, வங்கி எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கி, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றபோது சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். பெரும்பகுதி தமிழர்கள். சிலர் நடந்தே திரும்பப் பார்த்து மணிப்பூரின் மோரேவில் தங்கிவிட்டார்கள். அப்போது உலகம் எந்த அழுத்தமும் கொடுக்கவில்லை, டெல்லியும்தான். பர்மா பஜார் ஓரத்தில் அத்தோ தின்னும்போது அந்தக் கதை நினைவுக்கு வந்தால் உண்டு.

இன்றைய தொடர்பு இட்லி. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்து வருகிறது; சென்னைத் துறைமுகத்தில் நிறைய இறங்குகிறது. அங்கே அதை அதிகம் சாப்பிடுவதில்லை, நமக்காகவே விளைவிக்கிறார்கள். ஆட்சி கவிழ்ந்து நான்கே மாதத்தில், 2021 ஜூனில், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்து ஆண்டுக்கு வாங்குவதாக இந்தியா ஒப்பந்தம் செய்தது.

அப்போது உளுந்து வாங்குவதை நிறுத்த வேண்டுமா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2003-இல் தையல் பெண்களுக்கு நடந்ததுதான் உழவனுக்கு நடக்கும். ஆனால் பணம் எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் ராணுவ அரசு ஓர் ஆணை போட்டது: ஏற்றுமதியாளர் சம்பாதிக்கும் டாலரை அரசு சொல்லும் விலைக்குக் கியாட்டாக மாற்ற வேண்டும். அரசு விலை பிறகு டாலருக்கு 2,100 கியாட்டாக நின்றது. 2024-இல் வெளிச்சந்தை விலை 4,000-ஐத் தாண்டியது. அரசு விலைக்கு மாறும் ஒவ்வொரு டாலரிலும் வித்தியாசம் அரசுக்கு. வியாபாரி அதை உழவனின் விலையில் கழித்துக்கொள்வான். ஆக, டெல்லி கேட்க வேண்டியது எளிது: எங்களுக்கு வரும் உளுந்துக்கான பணம் சந்தை விலையில் மாறட்டும். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் மறுப்பது கடினம். ரூபாய், கியாட் நேரடி வணிகம் என்று பேச்சு நடந்தபோதும் இந்த நிபந்தனை வந்ததாகத் தெரியவில்லை.

தேர்தல் வைத்துவிட்டார்களே, இனித் தடை நீங்குமா?

2025 டிசம்பர் 28 தொடங்கி கட்டம் கட்டமாக வைத்த தேர்தலில் சூகியின் கட்சி இல்லை. 2023 மார்ச்சிலேயே அதைக் கலைத்துவிட்டார்கள். நாட்டின் பெரும்பகுதி போர்க்களம்.

ஆனாலும் காற்று மாறியதற்கு அடையாளம் முன்பே தெரிந்தது. 2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் மியான்மர் பொருட்களுக்கு 40 சதவீத வரி என்று கடிதம் அனுப்பினார். மின் ஆங் லைங் அதையே தன் அரசுக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டு, புகழ்மாலை சூட்டிப் பதில் எழுதி, தடைகளைத் தளர்த்தக் கேட்டார். அந்த மாதம் 24-ஆம் தேதி, ராணுவத்துக்கு நெருக்கமான சில தொழிலதிபர்களின் பெயர் தடைப் பட்டியலிலிருந்து நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது வாஷிங்டன்.

ஐ.நா.வில் மியான்மர் நாற்காலியில் இப்போது யார் உட்கார்கிறார்?

சூகி அரசு அனுப்பிய தூதர் சோ மோ துன். 2021 பிப்ரவரி 26-இல் பொதுச்சபையில் பேசி முடித்ததும், போராட்டக்காரர்களைப் போல மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். மறுநாளே ராணுவம் அவரை வேலையிலிருந்து நீக்கி, வேறு ஆளை நியமித்தது. யாரை ஏற்பது என்று முடிவு செய்ய வேண்டிய ஐ.நா. குழுவில் அமெரிக்கா, சீனா, ரஷ்யா மூன்றும் உண்டு. அந்தக் குழு முடிவைத் தள்ளிவைத்தது, பிறகும் தள்ளிவைத்தது. முடிவு வரும்வரை பழையவரே தொடரலாம் என்பது விதி. ராணுவம் நீக்கிய அந்த ஆள்தான், 2021 ஜூனில் தன் நாட்டு ராணுவத்துக்கு ஆயுதம் தராதீர்கள் என்ற தீர்மானத்துக்கு மியான்மர் சார்பில் 'ஆம்' என்று வாக்களித்தவர்.